ஜெபம்பண்ணினோம், காவலும் வைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக் காற்று எழும்பும் காலம் வந்துவிட்டது. திருகோணமலையில் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை கடலும் காய்ச்சலும் கடனும் சேர்ந்தே வரும். இந்த மூன்றிலும் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் ஒரே வாக்குவாதம்தான். ஒருவர் நீதிமொழிகள் 3:5ஐ எடுத்து, "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" கர்த்தரை நம்பு என்பார். மற்றவர் அதே நீதிமொழிகளின் 22:3ஐ எடுத்து, "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" என்பார். இரண்டும் ஒரே புத்தகத்தில் உள்ளவை. பிந்தியது போதாதென்று 27:12இல் மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்களே அதிகம். அப்படி விட்டதனால் ஆட்கள் சாகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வேதத்தில் வாக்குத்தத்தம் வரும் இடங்களைப் பக்கம் திருப்பாமல், முன்பின் வசனங்களோடு வாசித்துப் பார்க்கும்படி கேட்கிறோம். பெரும்பாலும் அந்த இடத்திலேயே மனிதனுடைய கைக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கும்.

கடற்கரைச் சனங்களுக்கு அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை விட நல்ல பாடம் இல்லை. பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் கப்பல் நிற்கிறது. "உபவாசநாளும் கழிந்துபோனபடியினாலே" இனிப் பயணம் மோசம் என்று பவுல் எச்சரிக்கிறார். யூதரின் பாவநிவிர்த்தி நாளின் உபவாசம் அது. செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முற்பகுதியிலோ வரும். அதற்குப் பிறகு மத்தியதரைக் கடலில் ஓடுவது ஆபத்து என்பது அந்நாளைய மாலுமிகளுக்குத் தெரிந்த கணக்கு. இந்த எச்சரிப்பைச் சொல்லும்போது பவுலுக்குத் தேவதூதன் எவரும் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தூதன் வருவது 23ஆம் வசனத்தில். பவுல் அதற்கு முன்பே மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டு, ஒரு இராப்பகல் முழுவதும் கடலில் கிடந்தவர் (2 கொரிந்தியர் 11:25). அந்த அனுபவம்தான் 10ஆம் வசனத்தில் பேசுகிறது. நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். கப்பலில் இருந்த பெரும்பான்மையோரும் அந்தப் பக்கமே நின்றார்கள். தென்றல் மெதுவாய் அடித்ததைக் கண்டு, நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதியது.

புயல் பிடித்த பிறகு நடந்ததை எங்கள் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினார்கள். மறுநாள் சரக்கை எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளபாடங்களையும் எறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்ற வாக்கு தூதனால் வருகிறது. வாக்கு வந்தவுடன் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா? பதினாலாம் இராத்திரி விழுது விட்டு ஆழம் பார்த்தார்கள்: இருபது பாகம். கொஞ்சத் தூரம் போய் மறுபடி பார்த்தார்கள்: பதினைந்து பாகம். பாறையில் ஏறிவிடும் என்று பயந்து பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டார்கள். அணியத்தில் நங்கூரம் போடுகிறவர்கள்போலக் காட்டி மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது பவுல் சொன்ன வார்த்தைதான் முழு அதிகாரத்துக்கும் திறவுகோல்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவன் சொன்னதாக அறிவித்த அதே வாய்தான், தொழில் தெரிந்த மாலுமிகள் இறங்கிப்போனால் பிழைக்கமாட்டீர்கள் என்றும் சொல்கிறது. விடியும் வேளையில் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். தாமும் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணிப் புசித்தார். 276 பேரும் சாப்பிட்டுத் திருப்தியானபின் கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்க, மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். வாக்கு நிறைவேறியது, பலகையைப் பிடித்த கைகளின் மூலமாக நிறைவேறியது.

இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புக்கு அறிவித்தல் விடும்போது, "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை" என்று எல்லையும், மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் காற்று என்றும் சொல்லுகிறது. அந்த அறிவித்தல் இருக்கும்போது உட்துறைமுகம் கண்ணாடிபோலக் கிடக்கலாம். டச்சு பேயில் அலையே இல்லாமல் இருக்கலாம். அது அந்த மெதுவான தென்றல்தான். அன்றைக்கு ஜெபம்பண்ணிவிட்டு வள்ளத்தைத் தள்ளுவதை விசுவாசம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்திக் குதிக்கச் சொன்ன சாத்தானும் சங்கீதம் 91ஐத்தான் எடுத்துச் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றே இயேசு பதில் சொன்னார். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, எச்சரிக்கையைக் கேட்டு முன்கூட்டியே கரையை விட்டு விலகிய ஆயிரக்கணக்கானோரில் ஜெபிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை.

தொழிலுக்குப் போகும் நல்ல நாளிலும் சில காரியங்கள் உண்டு. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வள்ளத்தில் இருக்கட்டும். அதைப் பலகைக்கு அடியில் கட்டி வைக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வள்ளம் கவிழும்போது அவிழ்க்க நேரம் கிடையாது. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. மாற்று பிளக் ஒன்றும் அதைக் கழற்றும் சாவியும் தண்ணீர் புகாத டப்பாவில். போகும் திசையும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கு ஒன்று: உங்கள் விசுவாசத்துக்காக நீங்கள் ஆபத்தில் இறங்கலாம், கூலிக்கு வரும் பொடியனை இறக்க உங்களுக்கு உரிமை இல்லை. தானியேல் 3இல் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும் தங்கள் உடலையே வைத்தார்கள். தேவன் "விடுவிக்காமற்போனாலும்" என்று சொல்லியே வைத்தார்கள்.

இனி நோய். சபைகளில் மிகவும் உணர்ச்சியோடு பேசப்படுவதும் மிகவும் குழம்பிப்போயிருப்பதும் இதுதான்.

எசேக்கியா ராஜாவுக்கு 2 இராஜாக்கள் 20இல் 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்படுகிறது. அந்த வாக்கு 6ஆம் வசனம். 7ஆம் வசனத்தில் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொல்லுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளப் பவுல் எழுதினார். கத்தோலிக்கச் சகோதரரின் திருவிவிலியத்தில் சீராக் 38ஆம் அதிகாரம் இன்னும் நேராகவே சொல்லுகிறது: நோயில் ஆண்டவரிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு. எதிர்ப்பக்கம் காட்டப்படும் வசனம் எப்போதும் ஆசா ராஜாவைப் பற்றியது (2 நாளாகமம் 16:12): அவன் "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், அவன் ஆலயப் பொக்கிஷத்தை எடுத்துச் சீரியா ராஜாவுக்குக் கொடுத்து உதவி வாங்கியவன், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் போட்டவன் என்பது தெரியும். தேவனைத் தேடாமல் விட்டதே அவனுடைய குற்றம். பரிகாரியிடம் போகிற எல்லாரையும் அந்த வசனத்தால் அடிக்கக்கூடாது.

சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்லும் அன்றே குளிசையை நிறுத்துகிறவர்களுக்கு மாற்கு 1:44ஐக் காட்டுகிறோம். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய இயேசுவே, நீ போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். லேவியராகமம் 13இல் சந்தேகமான ரோகியை ஆசாரியன் ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடி பார்த்து, தேவையானால் இன்னும் ஏழு நாள் வைத்தே தீர்ப்புச் சொல்லுவான். அற்புதம் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த இடம் கிளினிக்தான். சீனி வருத்தம் மாறியது என்றால் இரத்தம் சொல்லும். பிரஷர் மாறியது என்றால் சில கிழமை தொடர்ந்து அளந்த கணக்குச் சொல்லும். குளிசையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அதைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். வலிப்புக் குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம். காசநோய்க்கு வழமையாக ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. சில கிழமைகளிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறும். அந்த நேரத்தில் விட்டால் மீந்திருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் அதே கிருமிதான் தொற்றக்கூடும்.

டெங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2017இல் கிண்ணியா பட்ட பாடு மாவட்டத்துக்கே தெரியும். நாடு முழுவதும் அந்த வருஷம் 186,101 பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள். இந்த நோயின் பொல்லாத தன்மை என்னவென்றால், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். வீட்டிலோ, ஜெபம் கேட்கப்பட்டது, காய்ச்சல் விட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லிப் படுக்க வைத்துவிடுவார்கள். ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தாலோ, வயிறு நொந்தாலோ, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, பல் முரசில் இரத்தம் கசிந்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே பெரியாஸ்பத்திரிக்கு. வாகனம் இல்லாவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990. அதற்கு முன்பே, காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதிக்க வேண்டும். பனடோல் (பரசிற்றமோல்) தவிர வேறு காய்ச்சல், நோவு மருந்துகள், முக்கியமாக இபுப்ரோபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

உபவாச ஜெபத்திலும் கவனம் தேவை. எஸ்தரின் உபவாசம் என்று மூன்று நாள் இரவும்பகலும் தண்ணீரும் இல்லாமல் இருக்க ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். எஸ்தர் 4:16 அப்படித்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் அது ஒரு முழுச் சனமும் கொலைக்குக் குறிக்கப்பட்ட நேரத்தில் நடந்த ஒரே காரியம். மாதாமாதம் செய்யும்படி எங்கும் கட்டளை இல்லை. சீனி வருத்தத்துக்குக் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் குளிசை எடுப்பவரும் இன்சுலின் போடுபவரும் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கக்கூடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். ஜெபக் கூட்டத்தில் இந்த நடுக்கத்தை ஆவியின் அசைவென்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதே பயம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990ஐக் கூப்பிடுங்கள். உபவாசத்துக்காக இன்சுலினை முற்றாக விடுவதும் ஆபத்து. அளவை எப்படி மாற்றுவது என்று முதலே கிளினிக்கில் கேட்கவேண்டும். கர்ப்பிணிகள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், சிறு பிள்ளைகள் இந்த உபவாசத்துக்குள் வரவே கூடாது. வேறு ஒன்றை ஒறுத்து ஜெபிக்கலாம்.

சுகம் கிடையாமல் போனவரிடம் "உனக்கு விசுவாசம் காணாது" என்று சொல்லுகிறவர்கள் 2 தீமோத்தேயு 4:20ஐ வாசிக்கவேண்டும். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபம்பண்ணிச் சுகப்படுத்திய அதே பவுல்.

இவ்வளவும் சொன்னதால் கணக்கும் எச்சரிக்கையும் போதும் என்று நாங்கள் சொல்லுவதாக எவரும் எடுக்கவேண்டாம். மறுபக்கத்துப் பிழையை வேதம் அதே கடுமையோடு கண்டிக்கிறது. எண்ணாகமம் 13இல் பன்னிரண்டு வேவுகாரர் 40 நாள் கானானைச் சுற்றிப் பார்த்தார்கள். அரணான பட்டணம், இராட்சதப் பிறவிகள் என்று பத்துப் பேர் சொன்ன தகவலில் பொய் இல்லை. கூட்டிவந்த தேவனைக் கணக்கில் சேர்க்காததே பிழை. 14ஆம் அதிகாரத்தின் கடைசியில் நடப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. போ என்ற நாளில் போகாத அதே சனங்கள், போகாதே என்று மோசே தடுத்த மறுநாள் காலையில் துணிந்து மலையேறினார்கள். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தைவிட்டு நகரவில்லை. ஓர்மா வரைக்கும் துரத்தி அடிக்கப்பட்டார்கள். பயந்ததும் துணிந்ததும் ஒரே ஆட்கள், ஒரு நாள் வித்தியாசத்தில். இரண்டு நாளும் சொல்லப்பட்டதை அவர்கள் கேட்கவில்லை. பேதுரு தண்ணீரில் இறங்கியதும் இயேசுவின் "வா" என்ற சொல் கிடைத்த பிறகுதான்.

ஒரே காரியத்தில் இரண்டு விசுவாசிகள் இரண்டு விதமாக நடக்கவும் இடம் உண்டு. எருசலேமுக்குப் போகும் பயணத்துக்கு எஸ்றா, ராஜாவிடம் காவற்படை கேட்க வெட்கப்பட்டு உபவாசம் பண்ணிப் புறப்பட்டார். நெகேமியா இராணுவச் சேர்வைக்காரரோடும் குதிரைவீரரோடும் வந்தார். வேதம் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் காவல் கேட்காத எஸ்றாவும் வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துக் கொடுத்து, எருசலேமில் மறுபடி நிறுத்து, எல்லா நிறையையும் எழுதி வைத்தார். எதிரிகள் சூழ்ந்தபோது நெகேமியா எழுதியது: "நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்களினிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்." ஒரே வாக்கியத்தில் இரண்டு வேலை. எருசலேமின் அலங்கம் (மதில்) 52 நாளில் முடிந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாடைக்குத் தொழில் படுக்கும்போது நுண்கடன் குழுக்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார், கையெழுத்துப் போடுங்கோ அக்கா" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. நீதிமொழிகள் 22:26, 27 இதைத்தான் வேண்டாம் என்கிறது: கொடுக்க வழியில்லாதபோது படுக்கையையும் எடுத்துக்கொள்ளுவார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதே புத்தகத்தின் 6ஆம் அதிகாரம் வழி சொல்லுகிறது: நித்திரை கொள்ளாமல் போய் வருந்திக் கேட்டு உன்னைத் தப்புவித்துக்கொள். அதாவது தவணை பிசகும் முன்பே போய், மீதிக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, பிணையாளியை மாற்றும்படி கேட்கவேண்டும். கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த விதவைக்கு எலிசாவின் மூலம் நடந்த அற்புதத்திலும் ஒழுங்கு இருந்தது. அற்புதமாய்ப் பெருகிய எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம்பண்ணு என்றார். கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கச் சொல்லும் போதனைக்கு இங்கே ஆதாரம் இல்லை. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டித்ததும் நினைவிருக்கட்டும்.

எல்லாச் சபைகளின் போதகர்களிடமும் பங்குத் தந்தையரிடமும் சில வேண்டுகோள்கள். மழைக்காலம் முடியும் வரை ஞாயிறு ஆராதனை அறிவித்தலில் அன்றைய கடல் எச்சரிக்கையையும் வாசியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்புலன்ஸ் 1990ஐயும் வாசற்கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உபவாசத்துக்குப் பெயர் எடுக்கும்போதே என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். சபை வளவில் கிடக்கும் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, பீலியில் தேங்கும் நீர் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை வாலிபர் சங்கத்தைக் கொண்டு அகற்றுங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு கிழமையளவு காணும். சுகமானதாகச் சாட்சி சொல்ல வருகிறவரிடம், ஆண்டவர் குஷ்டரோகியிடம் கேட்டதையே கேளுங்கள். முதலில் போய்க் காண்பித்துவிட்டு, கிளினிக் கொப்பியோடு வரட்டும்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்கள் சார்பில்,
உப்புவெளி, திருகோணமலை.